கோட்டை நின்றவரை: வட ஆற்காட்டுப் போர்க்களங்களின் வழியே

வியாழக்கிழமை, வேலூர்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் வரைபடத்தை விரித்துவைத்துப் பார்த்தால், பதினெட்டாம் நூற்றாண்டில் தென்னாட்டை ஆள விரும்பிய ஒவ்வொருவரும் இந்த மண்ணுக்கு வந்தே தீர வேண்டியிருந்ததன் காரணம் விளங்கும். மேற்கே மைசூர் மேட்டுநிலம், கிழக்கே சென்னையும் புதுச்சேரியும் அமைந்த கடற்கரைச் சமவெளி, இடையே மலைகள். அந்த மலைகளில் குதிரைப்படையும் பீரங்கி வண்டியும் அரிசி சுமக்கும் மாடுகளும் சேர்ந்து போகக்கூடிய வழிகள் மிகச் சிலவே. வடக்கே தாமல்செருவுக் கணவாய், நடுவே வாணியம்பாடியும் ஆம்பூரும் அமைந்த பாலாற்றுப் பள்ளத்தாக்கு, தெற்கே செங்கம் கணவாய் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றின் வாயிலில் இருந்த கோட்டைகளையும் களங்களையும் பார்த்து வருவதே என் எண்ணம். கோட்டை எப்படிக் கட்டப்பட்டது என்பதைவிட, அது யாரை நம்பி நின்றது, அதை நம்பி யார் வந்தார்கள் என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது.

வேலூர்க் கோட்டையை விஜயநகரப் பேரரசின் கீழ் இருந்த நாயக்கர்கள் பதினாறாம் நூற்றாண்டில் கட்டினார்கள். ஏறத்தாழ 133 ஏக்கர் பரப்பு. அகழிப் பாலத்தைக் கடந்து உள்ளே சென்றதும் மதிலை ஒட்டி நடந்தேன். கருங்கற்களைப் பிளந்து ஒன்றோடொன்று பொருத்திய விதத்தில், கற்களுக்கு இடையே கத்தி முனை நுழையவும் இடமில்லாத பகுதிகள் உண்டு. உயர்ந்த உள்மதில் ஒன்று, அதன் அடியில் தாழ்ந்த புறமதில் ஒன்று, அதற்கும் வெளியே அகழி. புறமதிலைப் பிடித்தவன்கூட உள்மதிலின் அடியில் நின்று மேலிருந்து வரும் குண்டுகளைத் தாங்க வேண்டும். சமவெளியில் கட்டப்பட்ட ஒரு கோட்டைக்கு இதைவிடச் சிறந்த அமைப்பைத் தென்னாட்டில் காண்பது அரிது.

ஆனாலும் இந்தக் கோட்டைக்கு ஒரு குறை உண்டு; கொத்தளத்தின் மேல் நின்று கிழக்கே பார்த்தவுடன் அது தெரிந்துவிடுகிறது. ஊரை ஒட்டி எழும் குன்றுகள் பீரங்கி எட்டும் தொலைவில் இருக்கின்றன. குன்றைப் பிடித்தவனுக்குக் கோட்டையின் உட்புறம் முழுவதும் திறந்து கிடக்கும். 1677இல் செஞ்சியைப் பிடித்த சிவாஜியின் படை வேலூரை முற்றுகையிட்டபோது முதலில் குறிவைத்தது இந்தக் குன்றுகளைத்தான். முற்றுகை ஓராண்டுக்கு மேல் நீடித்து, 1678இல் கோட்டை மராட்டியர் வசமாயிற்று. இன்றும் குன்றின்மேல் கோட்டைச் சுவர்கள் நிற்கின்றன. சைதாப்பேட்டைப் பக்கமாக ஏறிச் சென்றேன். வெயில் கடுமையாக இருந்ததால் பாதி வழியில் ஒரு பாறை நிழலில் உட்கார வேண்டியதாயிற்று. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “இங்க இருந்து பாத்தா கோட்டைக்குள்ள யார் வராங்க யார் போறாங்கன்னு எல்லாம் தெரியும் தம்பி” என்றார். அவர் சொன்னது சரி. மேலிருந்து பார்க்கும்போது ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரமும் அதன் அருகே நடப்பவர்களும் தெளிவாகத் தெரிந்தனர்.

இந்தக் குன்றின் அருமையை 1780இல் இரு தரப்பும் நன்கு உணர்ந்திருந்தன. அவ்வாண்டு மைசூரை ஆண்ட ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் (அன்று ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதிக்கு வழங்கிய பெயர் அது) புகுந்தபோது வேலூரில் கர்னல் ராஸ் லேங் தலைமையில் ஆங்கிலேயப் படை இருந்தது. ஹைதரின் ஆட்கள் குன்றுக் கோட்டையை நோக்கிப் பீரங்கிகளை ஏற்றி, சுவரை உடைத்து, ஏறித் தாக்கிப் பார்த்தார்கள், தோற்றுத் திரும்பினார்கள். 1781 ஜனவரியில் சென்னையிலிருந்து ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் படையுடன் புறப்பட்டதும் முற்றுகை தளர்ந்தது. அதன்பின் ஹைதர் கோட்டையை இடிக்க முயலவில்லை. வழிகளை அடைத்துப் பட்டினி போடவே முனைந்தார். அங்கிருந்து வேலூரின் கதை அரிசியின் கதையாக மாறிவிடுகிறது. 1781 நவம்பரில் ஒருமுறை, 1782 ஜனவரியில் மறுமுறை, மீண்டும் அவ்வாண்டின் நடுவில் ஒருமுறை எனக் கூட் மாடுகளின் மேல் அரிசியை ஏற்றிக்கொண்டு, ஹைதரின் குதிரைப்படை பக்கவாட்டில் தொடர்ந்து வர, வேலூருக்கு வந்து இறக்கிவிட்டுப் போனார். ஜனவரிப் பயணத்தின்போது அவர் நோயுற்று நினைவிழந்து விழுந்தார். ஆயினும் அரிசி வந்து சேர்ந்தது. ஹைதர் கடைசிவரை வேலூரைப் பிடிக்கவில்லை.

மதிலும் அகழியும் குன்றும் ஒரு கோட்டைக்குக் காலத்தைத்தான் வாங்கித் தருகின்றன. அந்தக் காலத்துக்குள் வெளியிலிருந்து ஒருவன் வரவேண்டும். வேலூரிலேயே இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் இதே கோட்டையைச் சிப்பாய்கள் கைப்பற்றித் திப்புவின் கொடியை ஏற்றினார்கள். அன்று கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஆற்காட்டுக் குதிரைப்படை முகாமுக்கு ஆள் அனுப்ப, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அந்த முகாமின் தலைவர் கில்லஸ்பி காலையிலேயே வந்து சேர்ந்தார். பின்னால் இழுத்து வரப்பட்ட சிறு பீரங்கிகள் கதவை உடைத்தன. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு வெளியிலிருந்து வர ஒருவரும் இல்லை. மக்கான் சந்திப்பில் அவர்களுக்காக எழுப்பப்பட்டுள்ள நினைவுத்தூணின் முன் மாலையில் வெகுநேரம் நின்றேன். இரண்டாண்டு முற்றுகையைத் தாங்கிய அதே கோட்டை ஒரு முற்பகலில் வீழ்ந்தது என்பதை மனம் ஏற்க மறுக்கிறது.

வெள்ளிக்கிழமை, ஆம்பூர்

வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா, மாதனூர் கடந்து ஆம்பூர். சாலை, இருப்புப்பாதை, பாலாறு மூன்றும் இங்கே மலைகளுக்கு நடுவே ஒரே இடைவெளியில் நெருங்கிச் செல்கின்றன. பேருந்து நிலையத்துக்கு அருகே தேநீர்க் கடை வைத்திருக்கும் பாயிடம் இந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டேன். “நடு ரோட்டுல ஒரு லாரி கவுந்தா போதும் சார், அந்தப் பக்கம் வாணியம்பாடி, இந்தப் பக்கம் மாதனூர் வரைக்கும் வண்டி நகராது” என்றார். போர்நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

1749 ஆகஸ்டு 3 அன்று ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் இந்த வழியைத்தான் அடைத்து நின்றார். அவரிடம் ஏறத்தாழ 20,000 பேர் இருந்தனர். எதிரே வந்த அணியைக் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனெனில் பின்னர் நடந்தவை யாவும் அந்த அணியின் அமைப்பிலிருந்து பிறந்தவை. 1748இல் ஹைதராபாத்தின் நிஜாம்-உல்-முல்க் இறந்தபின் தக்காணத்தின் அரியணைக்கு அவருடைய மகள்வழிப் பேரன் முசாபர் ஜங் உரிமை கோரினார். ஆற்காட்டு நவாப் பதவிக்கு, மராட்டியரிடம் சதாராவில் பல ஆண்டுகள் சிறையிருந்து மீண்ட சந்தா சாகிப் உரிமை கோரினார். இவ்விருவரையும் இணைத்து, தன் படையையும் சேர்த்துக்கொண்டவர் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே. மூவருக்கும் பொதுவான நட்பு ஏதுமில்லை. தனித்தனியே எவராலும் தான் விரும்பியதைப் பெற முடியாது என்பது மட்டுமே அவர்களைச் சேர்த்து வைத்தது.

பிரெஞ்சுப் படையில் ஐரோப்பியர் ஏறத்தாழ 400 பேர். அவர்களோடு அவர்கள் பயிற்றுவித்த சிப்பாய்கள் ஏறத்தாழ 2,000 பேர். நவாபின் அரண்மீது இருமுறை ஏறித் தோற்றார்கள். தளபதி தோத்தேய் காயமுற்றார். மூன்றாம் முறை அரண் வீழ்ந்தது. முதிர்ந்த வயதினரான அன்வருதீன் யானைமேல் அமர்ந்து சந்தா சாகிபை நோக்கிச் செல்லும்போது குண்டு பட்டு இறந்தார். மூத்த மகன் மாபூஸ் கான் பிடிபட்டார். இளையவர் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பினார். கணவாயைக் காத்து நின்றது பிழையன்று. பிழை அதற்கு முன்பே நேர்ந்தது: அன்வருதீனின் பக்கத்தில் நிற்க அன்று வெளியார் ஒருவரும் இல்லை. ஆங்கிலேயர் அவரோடு நட்புப் பேசினார்கள், படை அனுப்பவில்லை.

ஒன்பதாண்டுகளுக்கு முன் இதே பாடம் வடக்கே கற்பிக்கப்பட்டிருந்தது. 1740 மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் நவாப் தோஸ்த் அலி மராட்டியரை எதிர்த்து நின்று, மகனோடு மாண்டார். கணவாயைத் தனியே காத்தவர் இருவரும் கணவாயிலேயே இறந்தார்கள்.

ஆம்பூர்த் துர்கம் இதற்கு மாறான கதையைச் சொல்கிறது. 1767 நவம்பரில் ஹைதர் அலி இந்த மலைக்கோட்டையை முற்றுகையிட்டார். கேப்டன் கால்வர்ட்டின் கீழ் சென்னைச் சிப்பாய்களின் சிறு காவற்படை உள்ளே இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஆங்கிலேயத் தளபதி கர்னல் ஸ்மித்தின் படை வேலூர் வழியாக வந்து சேரும்வரை அது பணியவில்லை. அந்தப் பட்டாளம் பின்னர் ‘ஆம்பூர்’ என்ற பெயரைத் தன் போர்ச்சிறப்பாகத் தாங்கியது. கால்வர்ட்டின் பெயர் எல்லா வரலாறுகளிலும் இருக்கிறது. அவரோடு நின்ற சிப்பாய்களுள் ஒருவரின் பெயரையும் நான் எங்கும் கண்டதில்லை; அவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து போனவர்களாகவும் இருந்திருக்கலாம் என்பது நாள் முழுதும் என்னைத் தொந்தரவு செய்தது.

சனிக்கிழமை, ஆற்காடு

ஆற்காட்டில் கோட்டை இல்லை. 1783இல் ஊரை விட்டு விலகும்போது திப்பு மதில்களைத் தகர்த்துவிட்டார். பாலாற்றங்கரையில் டெல்லி வாசல் மட்டும் நிற்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வளைவு. மேலே ஒரு சிறு அறை. ஏறிப் பார்த்தால் மணல் விரிந்த ஆறு. வேலூரின் கருங்கல் மதிலைப் பார்த்த கண்ணுக்கு இது மிக எளிய கட்டடமாகத் தெரியும். இருந்தும் தென்னிந்திய வரலாற்றைத் திருப்பிய முற்றுகை இங்கேதான் நடந்தது.

1751இல் முகமது அலி திருச்சிராப்பள்ளியில் அடைபட்டிருந்தார். சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் சூழ்ந்திருந்தனர். திருச்சி வீழ்ந்தால் எல்லாம் முடிந்தது. முற்றுகையை நேரே உடைக்க ஆங்கிலேயரிடம் ஆள் இல்லை. ஆகவே பகைவன் விட்டுவிட்டுப் போன தலைநகரைப் பிடித்தால், அவன் திருச்சியிலிருந்து படையைப் பிரித்து அனுப்புவான் என்று கணக்கிட்டார்கள். 200 ஐரோப்பியரையும் 300 சிப்பாய்களையும் மூன்று பீரங்கிகளையும் கொண்டு ராபர்ட் கிளைவ் வந்தார். இடியும் மழையுமாக இருந்த வானிலையில் அவர் நடந்து வருவதை ஒற்றர் சொல்லக் கேட்ட காவற்படை, சண்டையிடாமலே கோட்டையைக் காலி செய்துவிட்டது. கணக்கு பலித்தது: சந்தா சாகிப் திருச்சியிலிருந்து 4,000 பேரைப் பிரித்து மகன் ரசா சாகிபிடம் கொடுத்து அனுப்பினார்.

பிடித்த கோட்டையோ காக்கத் தகுதியற்றது. சுற்றளவு ஒரு மைலுக்கு மேல். சுவர் பல இடங்களில் இடிந்திருந்தது. அகழியில் சில பகுதிகள் வறண்டு கிடந்தன. வெளியே ஏறத்தாழ 10,000 பேர். உள்ளே கடைசியில் ஆயுதம் ஏந்தக்கூடியவர்களாக எஞ்சியவர்கள் 80 ஐரோப்பியரும் 120 சிப்பாய்களும். வேலூர்க் கோட்டைத் தலைவர் முர்தஸா அலியும் 2,000 பேருடன் முற்றுகையிட்டவர்களோடு வந்து சேர்ந்தார். இவர் 1742இல் தன் மைத்துனரான நவாப் சப்தர் அலியை வேலூரில் கொல்வித்தவர். எந்தப் பக்கம் வெல்லும் என்று தெரியும்வரை எந்தப் பக்கமும் உறுதியாக நிற்காத இவர், அக்காலக் கோட்டைத் தலைவர்களின் மனத்தை அறிய நல்ல எடுத்துக்காட்டு. இவர்களைத் துரோகிகள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் தன் கோட்டைக்கு வரக்கூடிய உதவி எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது.

சிப்பாய்கள் சோற்றை ஐரோப்பியருக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரைக் குடித்தார்கள் என்ற கதை இம்முற்றுகையைப் பற்றிப் பின்னாளில் எழுதப்பட்டது. பள்ளிப் பாடங்களிலும் இடம்பெற்றது. என் மனம் அதைவிட மேற்கு மலையடிவாரத்தில் நின்ற 6,000 மராட்டியக் குதிரைகளின் மேல்தான் செல்கிறது. குத்தி என்ற ஊரின் மராட்டியத் தலைவர் முராரி ராவ் முகமது அலிக்கு உதவுவதாக ஒப்புக்கொண்டு, மைசூரின் பணத்தில் வந்தவர். வந்தவர் ஆற்காட்டிலிருந்து ஏறத்தாழ 30 மைலில் அசையாமல் நின்றார். தோற்கப்போகும் பக்கத்தில் சேர அவருக்கு விருப்பமில்லை. இடிந்த கோட்டை வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தபின்தான், ஆங்கிலேயருக்கும் போரிடத் தெரியும் என்று இப்போது நம்புவதாகச் சொல்லி உதவிக்கு வர இசைந்தார். அவர் நகர்ந்த செய்தி ரசா சாகிபை அவசரப்படுத்தியது. முகரம் பத்தாம் நாளில், நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளை முன்னே விட்டுக் கதவை முட்டவைத்தார். துப்பாக்கிக் குண்டு பட்ட யானைகள் திரும்பித் தம் ஆட்களையே மிதித்தன. தாக்குதல் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்தது. 50 நாள் முற்றுகை அந்த இரவோடு முடிந்தது.

கூட்டாளி வந்ததனால் ஆற்காடு நின்றது என்பது பாதி உண்மை. ஆற்காடு நின்றதனால்தான் கூட்டாளி வந்தார். இதே செய்தி தெற்கே பரவியபின் மைசூர்ப் படையும் தஞ்சைப் படையும் திருச்சிப் பக்கம் நகர்ந்தன. அடுத்த ஆண்டு ஜூனில் ஸ்ரீரங்கத்தில் அடைபட்ட சந்தா சாகிப், தஞ்சைத் தளபதி மானோஜியின் கையில் தன்னை ஒப்புவித்துத் தலையிழந்தார்.

பிற்பகலில் காவேரிப்பாக்கம் சென்றேன். ஏரிக்கரை மிக நீளமானது. 1752 பிப்ரவரியில் ஒரு மாந்தோப்பில் பிரெஞ்சுப் பீரங்கிகள் மறைந்திருந்து கிளைவின் படையைத் தாக்கின. இரவில் பின்புறமாக ஒரு சிறு படையை அனுப்பி அவற்றை அவர் கைப்பற்றினார். இன்று எந்தத் தோப்பு என்று சொல்லக்கூடியவர் ஊரில் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஆரணி, வந்தவாசி

ஆரணியில் அதிக நேரம் செலவிடவில்லை. 1751 டிசம்பரில், ஆற்காட்டு முற்றுகை முடிந்த சில வாரங்களுக்குள் இங்கே ரசா சாகிப் மீண்டும் தோற்றார். இம்முறை கிளைவோடு முராரி ராவின் குதிரைப்படை இருந்தது. களம் முடிந்ததும் பிரெஞ்சுக்காரரிடம் பணியாற்றிய சிப்பாய்களில் நூற்றுக்கணக்கானோர் ஆயுதங்களோடு வந்து வென்றவரிடம் சேர்ந்தார்கள்; ஆரணிக் கோட்டைத் தலைவரும் முகமது அலியை ஏற்றுக்கொண்டார்.

வந்தவாசிக் கோட்டையில் எஞ்சியிருப்பவை சிதைந்த மதில்களும் மண்மேடுகளும்தான். 1760 ஜனவரி 22 அன்று இந்த ஊருக்கு வெளியே பிரெஞ்சுத் தளபதி லாலியும் அயர் கூட்டும் மோதினர். லாலி கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். கூட் அதைக் காக்க வந்தார். பிரெஞ்சு வரிசையின் ஓரத்தில் ஒரு குளக்கரை அரணில் வெடிமருந்து வண்டி தீப்பிடித்து வெடித்தது. அந்த இடம் குலைந்ததும் வரிசையே குலைந்தது. மற்றொரு பிரெஞ்சுத் தளபதியான புஸ்ஸி பிடிபட்டார். பிரெஞ்சுக்காரர் கூலிக்கு அமர்த்தியிருந்த மராட்டியக் குதிரைகள் தூரத்தில் நின்று பார்த்தன, களத்தில் இறங்கவில்லை. தொடர்ந்து ஆற்காடும் பிற கோட்டைகளும் ஒவ்வொன்றாக விழ, 1761 ஜனவரியில் புதுச்சேரி பணிந்தது. லாலி கர்நாடகத்தை ஒரு களத்தில் இழந்தார் என்று சொல்வதைவிட, அக்களத்தின் செய்தி கேட்டு அவரை விட்டுப் பக்கம் மாறியவர்களால் இழந்தார் என்பதே சரியாக இருக்கும்.

இருபதாண்டு கழித்து இதே கோட்டையில் நடந்ததை இங்கே பலர் அறிந்திருக்கவில்லை. 1780 ஆகஸ்டில் நவாபின் கோட்டைத் தலைவர் வந்தவாசியை ஹைதரிடம் ஒப்படைக்க உடன்பட்டிருந்தார். ஆங்கிலேய அதிகாரி லெப்டினன்ட் பிளிண்ட் 100 சிப்பாய்களோடு நடந்து வந்து, சில பேரோடு மட்டும் உள்ளே செல்ல அனுமதி பெற்று, பேச்சின் நடுவே தலைவரைப் பிடித்துக்கொண்டு, வாசலைத் திறக்கவைத்தார். பிறகு 1781 ஜனவரியில் கூட் வரும்வரை ஹைதரின் முற்றுகையைத் தாங்கினார். நட்பு நாடு என்ற பெயரில் இருந்த ஒரு கோட்டை, உள்ளே பகைவனுடையதாக மாறிவிட்டிருந்தது. வரைபடத்தில் நிறம் தீட்டிக் கூட்டணியைக் காட்டுகிறவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

திங்கட்கிழமை, செங்கம்

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் செல்லும் சாலையில் வடக்கே ஜவ்வாது மலை தொடர்ந்து வருகிறது. செங்கத்தைத் தாண்டிச் சிங்காரப்பேட்டை நோக்கிச் செல்லும்போது மலைகள் இருபுறமும் நெருங்குகின்றன. பாராமகாலிலிருந்து (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) சமவெளிக்கு இறங்க மைசூர்ப் படைகள் விரும்பிய வழி இது.

1767இன் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் ஆங்கிலேயரின் கூட்டாளி. சில மாதங்களில் அவர் ஹைதரின் கூட்டாளி. செப்டம்பர் 3 அன்று இருவரின் படைகளும் இங்கே கர்னல் ஸ்மித்தைத் தாக்கின. ஸ்மித் தாக்குதலை முறியடித்தார். ஆனால் அரிசி மூட்டைகளைப் பறிகொடுத்தார். திருவண்ணாமலையில் தானியம் சேர்த்து வைத்திருப்பதாக நவாப் முகமது அலி வாக்களித்திருந்ததை நம்பி அங்கே விரைந்தபோது, எதிர்பார்த்த தானியம் இல்லை. நம்பிய நண்பர் ஒருவரின் வெறும் சொல், பகைவரின் பீரங்கியைவிட அப்படைக்கு அதிக இடர் தந்தது. இருந்தும் செப்டம்பர் 26 அன்று திருவண்ணாமலையில் ஸ்மித் வென்றார். நிஜாம் அத்துடன் கணக்கை மாற்றிக்கொண்டார். 1768 பிப்ரவரியில் ஆங்கிலேயரோடு தனியே உடன்படிக்கை செய்துகொண்டார்.

தனித்து விடப்பட்ட ஹைதர் தளரவில்லை. 1769இல் சென்னையின் வாசலுக்கே வந்து உடன்படிக்கையை எழுதவைத்தார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவவேண்டும் என்பது அதன் முக்கிய விதி. விரைவிலேயே மராட்டியர் மைசூரைத் தாக்கினார்கள். ஹைதர் உதவி கேட்டார். சென்னையிலிருந்து ஒரு சிப்பாயும் வரவில்லை. இந்தப் போர்கள் முழுவதிலும் ஆங்கிலேயர் இழைத்த மிகப்பெரிய தவறு இதுவென்றே நான் கருதுகிறேன், ஏனெனில் அதன் விலையை இந்த மாவட்டத்துக் குடியானவர்கள் கொடுத்தார்கள். ஹைதர் அதை மறக்கவில்லை. மராட்டியரோடும் நிஜாமோடும் பேசி முடித்து, பிரெஞ்சு உதவியையும் எதிர்நோக்கி, 1780 ஜூலையில் இந்தச் செங்கம் வழியாகவே இறங்கினார். சென்னையையும் வேலூரையும் சுற்றியிருந்த ஊர்கள் எரிக்கப்பட்டன. ஆங்கிலேயப் படைக்கு ஒரு பிடி நெல்லும் கிடைக்கக் கூடாது என்பது நோக்கம். செப்டம்பரில் பொள்ளிலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படை அழிந்தது. நவம்பரில் ஆற்காடு வீழ்ந்தது.

அந்தக் கூட்டணியும் நிலைக்கவில்லை. ஆங்கிலேயர் குண்டூரைத் திருப்பித் தந்ததும் நிஜாம் ஒதுங்கினார். 1782 மே மாதம் மராட்டியர் சால்பையில் சமாதானம் பேசினர். பிரெஞ்சுப் படை வந்து சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 7 அன்று, பழைய வட ஆற்காட்டில் சேர்ந்திருந்த சித்தூருக்கு அருகே, நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஹைதர் நோயினால் இறந்தார். திப்பு மேற்குக் கடற்கரையிலிருந்து வந்து சேரும்வரை, சாவுச் செய்தி படைக்குத் தெரியாமல் அமைச்சர்கள் காத்தார்கள். வேலூரில் அன்றும் ஆங்கிலேயக் கொடியே பறந்தது.